கேம்ப் லென்ஸ்

அத்தைக்கு இடது கண்ணில் புரை. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த கையோடு, லென்ஸ் தேர்வு செய்வதற்கென்றே இருக்கும் ஒரு சின்ன அறைக்கு எங்களை அனுப்பினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, இப்போது எல்லா ஊரிலும் இப்படி ஓர் அறை இருக்கிறது. உள்ளே இருந்த கவுன்சிலர் பெண் லேமினேட் செய்த விலைப்பட்டியலை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். மேலே வெளிநாட்டு லென்ஸ்கள், விலை இறங்க இறங்கப் பெயரும் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் வெறுமனே இந்திய லென்ஸ். இது எப்படி என்று கேட்டேன். "அது வேண்டாம் சார், அது கேம்ப்ல வைக்கிற லென்ஸ்" என்றார். அத்தை உடனே, "ஆமாப்பா, நமக்கெதுக்கு அது, நல்லதாவே வச்சிருவோம்" என்றார். நல்லதாகவே வைத்தோம். அத்தை இப்போது ஊசியில் நூல் கோக்கிறார், அவர் பங்கு இந்தக் கட்டுரையில் இத்தோடு முடிந்தது.

எனக்குத்தான் முடியவில்லை. அந்தப் பெண் மீது கோபம் ஒன்றும் கிடையாது, அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார். ஆனால் கேம்பில் வருகிறவருக்கு வைப்பது என்றாலே மட்டமானதாகத்தான் இருக்கும் என்று அத்தை, நான், அந்தக் கவுன்சிலர் மூன்று பேருமே ஒரு நொடிகூட யோசிக்காமல் எடுத்துக்கொண்டோமே, அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் இந்தியாவில் மலிவான லென்ஸ் என்ற ஒன்று பிறந்த கதை எனக்கு ஓரளவு தெரியும். மதுரையில் 1992-ல் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் லென்ஸ் தொழிற்சாலையான அரோலாப் தொடங்கப்பட்டதே, கேம்பில் வருகிறவருக்கு ஒன்று, காசு கொடுப்பவருக்கு ஒன்று என்று இரண்டு விதமான கண் ஆபரேஷன் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். முப்பது வருஷம் கழித்து அதே பிரிவினை விலைப்பட்டியலின் கடைசி வரியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

லென்ஸ் இல்லாத காலம்

எங்கள் அப்பத்தாவுக்கு எண்பதுகளில் ஒரு கேம்பில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன் சில வருஷம் "இன்னும் முத்தலை, முத்தட்டும்" என்று சொல்லியே திருப்பி அனுப்பினார்களாம். அன்றைய முறையில் புரை விழுந்த லென்ஸை அதன் உறையோடு சேர்த்து முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள். எடுத்த இடத்தில் எதுவும் வைக்க மாட்டார்கள். கண்ணுக்குள் இருக்க வேண்டிய லென்ஸின் வேலையை மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடி செய்ய வேண்டும். அதனால்தான் அது பிளஸ் பத்து பவரில், சோடா புட்டி அடிப்பாகம் போல அத்தனை தடிமன். நாங்கள் பிள்ளைகள் அதைப் போட்டுப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

அந்தக் கண்ணாடியில் உலகம் எப்படித் தெரியும் என்று பின்னால் படித்தபோதுதான் அப்பத்தாவின் சில பழக்கங்கள் புரிந்தன. எல்லாம் கால்வாசிக்கும் மேல் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும், அதனால் படி இறங்கும்போது காலை எங்கே வைப்பது என்று கண் சொல்வது தப்பு. நடுவில் தெளிவாகத் தெரியும், அதைச் சுற்றி வளையமாகக் கொஞ்சம் எதுவுமே தெரியாது, பக்கவாட்டில் வருகிற ஆள் அந்த வளையத்துக்குள் மறைந்து திடீரென்று முன்னால் முளைப்பார். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் என்றால் இரண்டு கண்ணும் இரண்டு அளவில் காட்டும், மூளையால் சேர்க்க முடியாது. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ கதை முடிந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர் மறுபடியும் குருடர். அப்பத்தா அந்தக் கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் போட்டிருந்ததை நாங்கள் வயசானவர்களின் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இத்தனைக்கும் அப்போதே கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லி 1949 நவம்பர் 29-ல் முதல் ஆபரேஷனைச் செய்தார். போர் விமானிகளின் கண்ணில் விமான மேற்கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்தும் அவை வருஷக்கணக்கில் உள்ளே சும்மா கிடந்ததைப் பார்த்து, இந்தப் பொருளைக் கண் வெறுப்பதில்லை என்று அவருக்குத் தோன்றிய கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். (எல்லோரும் ஸ்பிட்ஃபயர் விமானம் என்று எழுதுகிறார்கள். 1940-ல் அடிபட்ட அந்தப் பிரபலமான விமானி கார்டன் கிளீவர் ஓட்டியது ஹரிகேன்.) ரெய்னர் என்ற ஆங்கிலேயக் கண்ணாடிக் கம்பெனி அந்தப் பிளாஸ்டிக்கில், அதாவது பி.எம்.எம்.ஏ.வில், ரிட்லிக்கு லென்ஸ் செய்து கொடுத்தது. ரிட்லி அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. அப்போது பாராட்டும் கிடைக்கவில்லை. கண்ணிலிருந்து வேண்டாததை எடுப்பதுதான் மருத்துவம், உள்ளே கொண்டுபோய் ஒன்றை வைப்பது மடத்தனம் என்று அவருடைய துறையின் பெரிய தலைகளே எதிர்த்தார்கள். மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தருகிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த லென்ஸ்களுக்கு ஒப்புதல் தரத் தொடங்கியது 1981-ல்தான். அதன் பிறகு அங்கே எல்லோருக்கும் லென்ஸ். ஒன்றின் விலை நூறு டாலருக்கும் மேலே.

ஒரு கூரை, இரண்டு ஆபரேஷன்

வெங்கடசாமி டாக்டரின் கதையை நான் மறுபடி சொல்லப் போவதில்லை. வடமலாபுரம், முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்கள், அந்த விரல்களுக்கு ஏற்ப அவரே வடிவமைத்துக்கொண்ட கருவிகள், 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த், எல்லாம் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி வரைக்கும் வந்துவிட்டது. என்னைப் பிடித்துக்கொண்டது எண்பதுகளின் பிற்பாதி. பேச்சுப் போட்டியில் அது வருவதில்லை.

அரவிந்தின் கணக்கு எளிமையானது. காசு இருப்பவர் கொடுப்பார், அதில் மிஞ்சுவதை வைத்து இல்லாதவருக்கு இலவசம். டாக்டர் ஒருவர்தான், ஆபரேஷன் ஒன்றுதான், படுக்கையும் சாப்பாடும்தான் வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. லென்ஸ் வந்ததும் அது உடைந்தது. காசு கொடுப்பவர் லென்ஸ் கேட்டார், இறக்குமதி செய்து வைத்தார்கள். கேம்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவருக்குப் பழைய ஆபரேஷனும் தடிமனான கண்ணாடியும். இப்போது வித்தியாசம் கண்ணுக்கு உள்ளே வந்துவிட்டது. ஒரே நாள் காலையில், ஒரே டாக்டரின் கையால், ஒருவருக்கு ஏறக்குறைய பழைய பார்வை திரும்புகிறது, இன்னொருவருக்குப் படி இறங்கத் தெரியாத பார்வை. நடத்துகிறவர்கள் கெட்டவர்களாக இருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை. நல்லவர்கள், தினமும் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறவர்கள், அதனால் பிரச்சினை.

முதலில் வந்த வழி தானம். டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர், சேவா ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் மூலமாக அரவிந்தோடு வேலை செய்துகொண்டிருந்தவர், அங்கிருக்கும் லென்ஸ் கம்பெனிகளிடம் கேட்டு வாங்கி அனுப்பும் வேலையைச் செய்தார். தானத்தை நான் குறை சொல்லவில்லை, அந்த லென்ஸ்களால் பார்வை பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் லென்ஸ் போர்வை மாதிரி இல்லை. ஒவ்வொரு கண்ணுக்கும் நீளம் அளந்து, கருவிழியின் வளைவு அளந்து, கணக்குப் போட்டு, 20.5 வேண்டும் 22 வேண்டும் என்று பவர் பார்த்து வைக்க வேண்டும். தானமாக வருகிற பெட்டியில் நமக்கு வேண்டிய பவர் வேண்டிய எண்ணிக்கையில் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? அடுத்த வருஷம் அந்தக் கம்பெனி மனசு மாறினால்? வருஷத்துக்குப் பல்லாயிரம் ஆபரேஷன் செய்கிற இடம் அடுத்தவர் மனசை நம்பி அட்டவணை போட முடியாது.

அப்புறம் நிபுணர்கள். ஏழை நாடுகளுக்கு லென்ஸ் தேவையில்லை என்று பார்வையிழப்புத் தடுப்பில் பெயர் பெற்ற பலர் அப்போது உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காரணங்களும் அபத்தமானவை அல்ல. புது லென்ஸை உட்கார வைக்க உறையை விட்டுவிட்டு, புரை விழுந்ததை மட்டும் எடுக்க மைக்ரோஸ்கோப் வேண்டும், ஆயிரக்கணக்கான டாக்டர்களைப் புதிதாகப் பழக்க வேண்டும், விட்டுவைத்த உறை சில வருஷத்தில் மங்கினால் லேசர் வேண்டும், ஒருவருக்கு லென்ஸ் வைக்கிற காசில் பல பேருக்குப் பழைய ஆபரேஷன் செய்யலாம். பார்வையில்லாதவர் வரிசை இவ்வளவு நீளமாக இருக்கும்போது தரத்தை விட எண்ணிக்கைதான் முக்கியம் என்பது வாதம். நான் இதை முதலில் படித்தபோது நியாயமாகத்தான் தோன்றியது. பிறகுதான் கவனித்தேன், அந்த வாதம் முழுக்க ஒரே ஒரு எண்ணின் மேல் நிற்கிறது. லென்ஸின் விலை. அதைத் தட்டிவிட்டால் பாதிக்கு மேல் சரிந்துவிடும். மற்றவர்கள் அந்த விலையை மழை வெயில் போல இருக்கிற விஷயமாக எடுத்துக்கொண்டார்கள். மதுரையில் இருந்தவர்கள், இதைச் செய்ய உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று கேட்டார்கள். அரோலாபின் தொடக்கம் இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன், கட்டடமும் மிஷினும் பின்னால் வந்தவை.

விடை கொஞ்சம் வெட்கக்கேடானது. மூலப்பொருள் பிளாஸ்டிக். ஒரு லென்ஸின் நடுப்பகுதி 6 மில்லிமீட்டர்தான், இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கால்களோடு சேர்த்தாலும் 12, 13 மில்லிமீட்டர். பொருளின் விலை ஒன்றுமேயில்லை. விற்பனைப் படை, விளம்பரம், வழக்கு வந்தால் என்ன செய்வது என்ற பயம், பணக்கார நாட்டுக் காப்பீடு எவ்வளவு கொடுக்கும் என்ற கணிப்பு, இதெல்லாம் சேர்ந்ததுதான் நூறு டாலர்.

ஆஸ்பத்திரிக்கு எதற்குத் தொழிற்சாலை

பெரிய கம்பெனிகள் தொழில்நுட்பத்தைத் தர முன்வரவில்லை. தந்திருந்தால்தான் ஆச்சரியம். கடைசியில் ஃப்ளோரிடாவில் இருந்த ஒரு சிறிய லென்ஸ் கம்பெனியிடமிருந்து வாங்கினார்கள், காசு கொடுத்து, மிஷினும் பயிற்சியும் சேர்த்து. அரவிந்தின் உள்ளேயே இதற்கு எதிர்ப்பு இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஆபரேஷன் செய்யத் தெரிந்தவர்களுக்குத் தொழிற்சாலை நடத்தத் தெரியுமா என்பது நியாயமான பயம். லேத் என்றால் மதுரையில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. ஆனால் இந்த லேத்தில் தவறு மைக்ரான் கணக்கில் வந்தாலே லென்ஸ் குப்பைக்குப் போக வேண்டும். கடைந்து முடித்த லென்ஸ்களைக் கண்ணாடி மணிகளோடு சேர்த்து ஜாடிக்குள் போட்டு நாள்கணக்கில் உருட்டுவார்கள், விளிம்பு வழவழப்பாக வருவதற்கு. பிறகு கழுவி, ஒவ்வொன்றையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, பவர் அளந்து, பொதி செய்து, எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்கம். இவ்வளவும் தூசியில்லாத அறைக்குள். சட்டையில் ஒரு பொத்தான் கோணலாக வந்தால் மாற்றிக் கொடுக்கலாம், இங்கே ஒரு பேட்ச் கெட்டால் கண்கள் போகும்.

அமெரிக்காவில் பொறியியல் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு வந்த பாலகிருஷ்ணன் இதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார், அவரும் வெங்கடசாமி குடும்பத்துக்கு உறவுதான். அரவிந்தில் எல்லாமே உறவுதான், அது தனிக் கட்டுரை. லென்ஸ் செய்யும் மேஜைகளில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த, பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்கள். அரவிந்த் ஏற்கனவே இப்படிப்பட்ட பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஆபரேஷன் தியேட்டர் வேலையில் பாதியை அவர்களிடம் ஒப்படைத்திருந்தது, அதே வழியை இங்கேயும் கொண்டுவந்தார்கள். குறைந்த கூலி என்பதால்தான் விலை குறைந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதுவும் ஒரு பகுதி, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூலி மட்டும் குறைவு என்றால் தரம் தடுமாறியிருக்கும். இங்கே லென்ஸ் செய்கிறவருக்கும் அதைக் கண்ணில் வைக்கிறவருக்கும் நடுவில் வியாபாரி கிடையாது. கால் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, விளிம்பு சரியில்லை என்று டாக்டர் சொன்னால் அதே ஊரில் கேட்க ஆள் இருந்தது. முதல் நாளிலிருந்தே ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொள்ள ஓர் ஆஸ்பத்திரியும் இருந்தது. எந்தப் புதுக் கம்பெனிக்கு இப்படி ஒரு முதல் வாடிக்கையாளர் கிடைப்பார்?

லென்ஸ் ஏறத்தாழ 10 டாலருக்கு வந்தது. பின்னால் சாதாரண வகை 4 டாலருக்கும் கீழே இறங்கியது. லாபநோக்கில்லாத அறக்கட்டளைதான், ஆனால் நஷ்டத்தில் விற்கவில்லை. இது முக்கியம். நன்கொடையில் ஓடியிருந்தால் இன்று இருந்திருக்காது.

விலை இறங்கியதும் சந்தேகம் ஏறியது, நம் ஆட்களுக்கே உரிய சந்தேகம். இவ்வளவு கம்மியா, அப்ப ஏதோ இருக்கு. அதற்கான பதில் விளம்பரத்தால் வரவில்லை. இதே மதுரையில், இரண்டு கண்ணிலும் புரையால் பார்வை போயிருந்த 3,400 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய ஆபரேஷனும் கண்ணாடியும், மறு பாதிக்கு லென்ஸ் என்று வைத்து ஆய்வு நடத்தினார்கள். முடிவுகள் 1998-ல் கண் மருத்துவ இதழில் வந்தன. இப்படிக் கூட்டம் கூட்டமாக ஆபரேஷன் நடக்கிற இடத்திலும் லென்ஸ் பாதுகாப்பானது, பார்வையிலும் அன்றாட வாழ்க்கையிலும் லென்ஸ் வைத்தவர்களே நன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதாவது "ஏழைகளுக்கு ஒத்துவராது" என்ற பேச்சுக்கு, ஏழை நோயாளிகளை வைத்தே, உலகம் ஒப்புக்கொள்கிற முறையில் பதில் சொன்னார்கள். அரோலாபின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் விலையையே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு இந்த ஆய்வை விட்டுவிடுவது எனக்குப் புரியவே இல்லை. ஐரோப்பாவில் விற்கத் தேவையான சி.இ. சான்று வாங்கி, நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிற பொருளைத்தான் நாங்கள் அந்த அறையில் ஒரு நொடியில் தள்ளிவிட்டோம்.

மதுரைப் பெருமைக்காக இதை எழுதவில்லை என்பதற்கு ஒரு சாட்சி. ஏறக்குறைய அதே சமயத்தில் ஆஸ்திரேலியக் கண் டாக்டர் ஃப்ரெட் ஹாலோஸும் லென்ஸை அங்கங்கேயே மலிவாகச் செய்ய வேண்டும் என்ற அதே முடிவுக்கு வந்திருந்தார். 1993-ல் அவர் இறந்துவிட்டார். அவர் பெயரிலான அறக்கட்டளையின் உதவியோடு எரித்ரியாவின் அஸ்மராவிலும், நேபாளத்தில் சந்துக் ரூயித்தின் தில்கங்கா மருத்துவமனையிலும் லென்ஸ் தொழிற்சாலைகள் வந்தன. போரிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த எரித்ரியாவில்! ஒருவர் பெயரில் மாலை போட்டு முடித்துவிடுகிற கதை இல்லை இது. யாராவது ஒருவர் விலையைக் கேள்வி கேட்கிற கட்டத்துக்கு விஷயம் வந்திருந்தது. 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட புரை ஆபரேஷன்கள் நடந்தன. அந்தத் திட்டத்தின் காலத்திலேயே அரசு ஆபரேஷன்களும் பழைய முறையிலிருந்து லென்ஸுக்கு மாறின. நூறு டாலர் லென்ஸை வைத்துக்கொண்டு யாராலும் அந்த மாற்றத்தைச் செய்திருக்க முடியாது.

இப்போது சிக்கல் வேறு. மடித்து உள்ளே செலுத்தி விரியவிடும் லென்ஸ் வந்துவிட்டது, வெட்டு சின்னது, தையல் இல்லை. அதற்கு மேலே தூரம், பக்கம் இரண்டும் தெரிகிற லென்ஸ், சிதறல் பார்வையைச் சரிசெய்கிற லென்ஸ். இவற்றில் உண்மையான முன்னேற்றமும் உண்டு, வெறும் விலைச்சீட்டும் உண்டு, அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மதுரை சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சானில் இருக்கிற அரோலாபிலேயே மடிக்கும் லென்ஸும் செய்கிறார்கள், ஆபரேஷன் தையல் நூல், சொட்டு மருந்து, கண்நீர் அழுத்த நோய்க்கு வைக்கும் வடிகால் கருவி என்று பட்டியல் நீண்டுவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரி எவ்வளவுக்கு வாங்குகிறது, நம்மிடம் எவ்வளவுக்கு வைக்கிறது என்பது மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட் விஷயத்தில் அரசு 2017 பிப்ரவரியில் நேரடியாக உள்ளே வந்து உச்சவிலை நிர்ணயித்தது, மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260. ஒரே இரவில் விலை பல மடங்கு இறங்கியது. புரை லென்ஸிலோ, அந்த ஸ்டென்ட் உத்தரவுக்கு ரொம்ப காலம் முன்பே ஒரு ஆஸ்பத்திரி தானே தொழிற்சாலை வைத்து விலையை உடைத்தது. இரண்டில் எது நல்ல வழி என்று நண்பர்களோடு பேசினால் சண்டைதான் வருகிறது. உத்தரவு போட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் குறையும், ஆனால் நாளைக்குப் புது வகை வந்தால் மறுபடி அரசு உள்ளே வர வேண்டும். தொழிற்சாலை வைத்தால் பல வருஷம் ஆகும், ஆனால் செய்ய எவ்வளவு ஆகிறது என்பதை யாரும் மறைக்க முடியாது. என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். கூடவே ஒன்று, அந்த லேமினேட் அட்டையில் ஒவ்வொரு லென்ஸுக்கும் பக்கத்தில் ஆஸ்பத்திரி வாங்கிய விலையையும் போட வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.